சந்திக்கு முன்பே சந்தியை வாசிக்க: யாழ்ப்பாண வீதிகளில் சிக்னலும் வேகப் பலகையும்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டும் பலர் பலகை பார்த்து ஓட்டிப் பழகியவர்கள் இல்லை, ஊர் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள். இந்த மதகு தாண்டினால் வளைவு, அந்தக் கோயிலடியில் சைக்கிள்கள் குறுக்கே வரும், சந்தைச் சந்தியில் மினிபஸ் நடுவீதியில் நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம். வீதிகள் குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது, முப்பது நாற்பதுக்கு மேல் போகவே முடியாதே. 2009 இல் போர் முடிந்த பிறகு கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி தொடங்கி ஊர் வீதிகள் வரை ஒவ்வொன்றாகக் காப்பெற் (வழுவழுப்பான தார்) வீதிகள் ஆகின. வேகம் கூடியது. கண்டு, யோசித்து, பிறேக்கைத் தொடக் கிடைக்கும் நேரம் அதே அளவுக்குக் குறைந்தது.

சிக்னலையும் வேகப் பலகையையும் பொலிஸ் மறித்துத் தண்டத் துண்டு எழுதுவதற்கான சாமான்களாகவே நாங்கள் பார்க்கிறோம். அவை சொல்லும் சேதியைக் கவனித்தால் வேறு பயன் ஒன்று இருக்கிறது. இன்னும் ஐம்பது மீற்றரில், இன்னும் நான்கு விநாடியில் என்ன நடக்கப் போகிறது என்பதை அவை முன்கூட்டியே சொல்கின்றன. நேரத்தோடு வாசித்தவருக்குக் காலை அக்சிலேற்றரில் இருந்து எடுத்தாலே காரியம் முடிந்துவிடும். பிந்தி வாசித்தவர் பிறேக்கில் ஏறி நிற்கவேண்டும்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வான் ஓட்டும் எல்லோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊரில் ஓட்டுபவர்களுக்கும் இடையிடையே சில குறிப்புகள் உண்டு.

படி 1: யாருடைய சொல் மேல்?

ஒரே சந்தியில் பொலிஸார் கை காட்டுகிறார், சிக்னல் சிவப்பு, பலகை வேறொன்று சொல்கிறது என்றால் குழப்பம் வேண்டாம். வரிசை இதுதான்: முதலில் கடமையில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் கை, அடுத்தது சிக்னல் விளக்கு, அதற்குப் பிறகு பலகை, கடைசியில் வீதியில் கீறிய கோடு. சிவப்பு எரியும்போது அவர் வா என்றால் போகவேண்டும், பச்சை எரியும்போது நில் என்றால் நிற்கவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்த ஒழுங்கு கட்டாயம் தேவைப்படும். அந்த இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மறிக்கப்பட்டு, வாகனங்கள் வேறு வழியாக அனுப்பப்படும். மற்ற நாளில் நீங்கள் போகும் பாதை, நிரந்தரப் பலகை, கைப்பேசி வரைபடம் மூன்றும் அப்போது பிழையாகத்தான் இருக்கும். தற்காலிகமாக வைத்திருக்கும் பலகையையும் அங்கே நிற்பவரின் கையையும் பாருங்கள்.

படி 2: எழுத்துக்கு முன் உருவம்

நூறு மீற்றர் தூரத்தில் எழுத்து தெரியாது, உருவம் தெரியும். மஞ்சள் நிற வைர வடிவம் என்றால் முன்னே ஏதோ இருக்கிறது, கவனம். சிவப்பு விளிம்பு போட்ட வட்டம் என்றால் செய்யக்கூடாத ஒன்று அல்லது மீறக்கூடாத ஓர் எல்லை. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்யவேண்டியது. எண்கோணம் ஒன்றே ஒன்றுதான்: நில். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு.

மஞ்சள் பலகையைக் கண்டதும் என்ன படம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தேவையில்லை. காலை எடுங்கள், படத்தைப் பிறகு பார்க்கலாம். வளைவோ, பாடசாலையோ, ஒடுங்கிய பாலமோ, எதுவென்றாலும் முதற் பதில் வேகத்தைக் குறைப்பதுதான்.

படி 3: பச்சையை வாசிப்பது

சிவப்பை வாசிக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரச்சினை பச்சையில்தான் இருக்கிறது.

தூரத்தில் பச்சை தெரிந்தால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது இப்போது விழுந்த பச்சையா, முந்தியே விழுந்ததா? சிவப்பு பச்சையாக மாறியதை நீங்களே கண்டீர்கள் என்றால் அது புதுப் பச்சை, நேரம் இருக்கும். நீங்கள் காணும்போதே எரிந்துகொண்டிருந்தால் அது பழைய பச்சை. எப்போதும் மஞ்சளாகலாம் என்று வைத்துக்கொண்டு காலைப் பிறேக்குக்கு மேலே கொண்டுபோங்கள். இதற்குத் துணையாக இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. உங்கள் பக்கம் நின்ற வரிசை முழுவதும் கலைந்துபோய்ச் சந்தி வெறுமையாகக் கிடந்தால் பச்சை பழையது. குறுக்கு வீதியில் மோட்டார் சைக்கிள்காரர் உறுமத் தொடங்கிவிட்டார்கள் என்றால் இன்னும் பழையது.

நேரம் பூட்டிய சிக்னல் ஒரே சுற்றைத்தான் திரும்பத் திரும்பப் போடும். தினமும் ஒரே சந்தியால் வேலைக்குப் போகிறவர் ஒரு கிழமை கவனித்தால் அந்தச் சுற்று பழகிவிடும்.

இனி மஞ்சள். மஞ்சளைக் கண்டு முடுக்குவது எங்கள் ஊரில் ஒரு வியாதி. மஞ்சள் பொதுவாக மூன்று விநாடி அளவில் எரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு வாகனம் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும், ஆகவே மூன்று விநாடியில் 42 மீற்றர். அதே வேகத்தில் காய்ந்த வீதியில், நல்ல டயரும் நல்ல பிறேக்கும் இருந்து, மூளை முடிவெடுக்க ஒரு விநாடி போனால், நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் வேண்டும். அதாவது மஞ்சள் விழும்போது நிறுத்தற்கோடு 28 மீற்றருக்கு அப்பால் இருந்தால் தாராளமாக நிற்கலாம். அதைவிடக் கிட்ட இருந்தால் போவதே பாதுகாப்பு, நடுச்சந்தியில் பிறேக் போட்டு நிற்கக்கூடாது. 50 இல் ஓடுபவருக்குக் காய்ந்த வீதியில் ஏதோ ஒரு சரியான முடிவு எப்போதும் கையில் இருக்கும்.

அதே கணக்கை 70 இற்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் மழையில். விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல், மூன்று விநாடியில் 58 மீற்றர். ஈர வீதியில் நிற்க ஏறத்தாழ 66 மீற்றர். கோடு 60 மீற்றரில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. எவ்வளவு கெட்டிக்காரச் சாரதியாக இருந்தாலும் அந்த இடத்தில் செய்ய ஒன்றும் இல்லை. சந்திக்கு முன்னால் 50 பலகை நிற்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விநாடியை எண்ணிக் காட்டும் சிக்னல்களில் இது இன்னும் சுலபம். பச்சையில் மீதியாகத் தெரியும் விநாடியை 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவர் 11 ஆலும், 50 இல் ஓடுகிறவர் 14 ஆலும் பெருக்கட்டும். நான்கு விநாடி மீதி, வேகம் 40 என்றால் 44 மீற்றர். கோடு அதற்கு அப்பால் தெரிந்தால் இந்தப் பச்சை உங்களுக்கு இல்லை, காலை எடுத்துவிடுங்கள். சிவப்பில் ஓடும் எண்ணுக்கு வேறொரு பயன் உண்டு: அரை நிமிடத்துக்கு மேல் இருந்தால் எஞ்சினை நிறுத்தலாம். ஆனால் பூச்சியம் வந்த கணமே பாயாதீர்கள். சிக்னலை அமைப்பவர்கள் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் ஓரிரு விநாடியை இடையில் வைப்பது கடைசி ஆள் கடந்துபோவதற்காக. அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொரு கடைசி ஆள் வருவது எங்கள் வழக்கம்.

சிவப்போடு மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் பச்சை வரப்போகிறது, கியரைப் போட்டுத் தயாராகுங்கள், நகர வேண்டாம். மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் சிக்னல் ஓய்வில் இருக்கிறது, மெதுவாகப் பார்த்துப் போங்கள். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் முற்றாக நின்று, பார்த்து, போங்கள். கரண்ட் போய் எதுவுமே எரியாவிட்டால் அந்தச் சந்தியில் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்து நுழையவேண்டும். பெரிய வீதியில் வருகிறேன் என்ற எண்ணத்தோடு நுழைபவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

கனடாவில் இருந்து வருபவர்களுக்கு ஒன்று: அங்கே சிவப்பில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பிய பழக்கத்தை இங்கே இடப்பக்கத்துக்கு மாற்றிப் போடாதீர்கள். பச்சை அம்போ அனுமதிக்கும் பலகையோ இருந்தால் மட்டுமே திரும்பலாம். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிடவேண்டும்.

படி 4: வேகப் பலகையும், பலகை இல்லாத வேகமும்

சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண் ஓடவேண்டிய வேகம் இல்லை, நல்ல வெயிலில், நல்ல வாகனத்தில், வீதி வெறுமையாக இருக்கும்போதுகூடத் தாண்டக்கூடாத வேகம். எண்ணின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை வந்தால் அந்த எல்லை முடிந்தது, பொது எல்லை மீண்டும் தொடங்குகிறது.

பொது எல்லை என்றால் பலகையே இல்லாத இடத்தில் செல்லும் எல்லை. கார், வான், மோட்டார் சைக்கிளுக்கு நகரப்புறத்திலும் குடிமனைகள் நெருங்கிய இடங்களிலும் 50, அதற்கு வெளியே 70. ஓட்டோவுக்கு இரண்டிலும் 40. 100 என்பது அதிவேக நெடுஞ்சாலைக்கு உரியது, வடக்கில் அப்படியொரு வீதி கிடையாது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் யாழ் நகரை ஒட்டிய வலிகாமத்தில் 70 இற்குப் பொருத்தமான இடம் தேடிப்பிடிப்பது கஷ்டம். காங்கேசன்துறைக்குப் போகும் கே.கே.எஸ். வீதியில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று ஊர் ஊரைத் தொட்டுக்கொண்டே போகிறது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரரே அடித்துச் சொல்லமாட்டார். பலாலி வீதியும் பருத்தித்துறை வீதியும் பெரும்பாலும் இப்படித்தான். மதில், படலை, கடை, கோயில் தொடர்ந்து தெரியும்வரை பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கைகளுக்கு எண் எதுவும் சொல்லப் போவதில்லை. இருபக்கமும் ஆளுயர மதிலும் வேலியும் உள்ள ஒழுங்கையில் படலைக்குள்ளிருந்து வரும் சிறுபிள்ளையின் சைக்கிள் உங்களுக்குத் தெரிவதற்கு முன் வீதிக்கு வந்துவிடும்.

வேகமாகப் போனால் மிச்சம் எவ்வளவு? நகருக்குள் ஐந்து கி.மீ. தூரத்தை 50 இல் ஓடினால் ஆறு நிமிடம், 60 இல் ஓடினால் ஐந்து நிமிடம். மிச்சப்பட்ட ஒரு நிமிடத்தை ஒரே சிவப்பு விளக்கு விழுங்கிவிடும். நிற்கும் தூரமோ அப்படி ஒன்றுக்கொன்றாகக் கூடுவதில்லை, வேகம் இரு மடங்கானால் பிறேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மேலே சொன்ன அதே அளவுகோலில், நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ இப்படி வரும்:

40 இல்: காய்ந்த வீதி 20 மீற்றர், ஈரம் 26
50 இல்: காய்ந்த வீதி 28 மீற்றர், ஈரம் 38
70 இல்: காய்ந்த வீதி 46 மீற்றர், ஈரம் 66

தேய்ந்த டயர், பின் பிறேக்கை மட்டும் நம்பும் மோட்டார் சைக்கிள், முன்னால் பிள்ளை பின்னால் மனைவி என்று மூன்று பேர்: இவை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

பாடசாலைப் பலகைகளுக்கு மட்டும் மணிக்கூட்டையும் சேர்த்து வாசியுங்கள். காலை ஏழரைக்கு முந்திய அரை மணியும் மதியம் ஒன்றரைக்குப் பிந்திய அரை மணியும் அந்த மஞ்சள் பலகைக்கு உயிர் வரும் நேரம். பிற்பகலில் ரியூசன் விடும் நேரத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்தில் அதே கூட்டம்தான், அதற்குப் பலகையும் இல்லை.

படி 5: ஏ9 இல் இறங்கினால்

நாவற்குழி தாண்டித் தெற்கே போகும்போது பலகை வாசிப்பு வேறு விதமாக மாறும். சாவகச்சேரி, கொடிகாமம், பளை, பரந்தன், கிளிநொச்சி என்று பட்டினங்களும் இடையில் திறந்த வெளியும் மாறி மாறி வரும். வெளியில் 70 இல் கால் பழகிவிட்டால் பட்டினத்துக்குள் 50 ஊர்வதுபோலத் தெரியும். உண்மையில் நீங்கள் 60 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இந்த ஏமாற்று எல்லாக் கண்ணுக்கும் நடக்கும், அதனால் 50 பலகையைக் கண்டதும் உங்கள் உணர்வை நம்பாமல் ஒருமுறை வேகமானியைப் பாருங்கள். பொலிஸாரின் வேகத்துப்பாக்கி பெரும்பாலும் இப்படியான மாற்றப் புள்ளிகளுக்குக் கிட்டத்தான் நிற்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆனையிறவில் இருபக்கமும் வெளி. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் மோட்டார் சைக்கிளைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், பெரிய பஸ் ஒன்று எதிரே கடந்துபோகும் கணத்தில் இன்னும் மோசம். ஏ9 ஐ விட்டுப் பூநகரி வழியாகப் போனால் சங்குப்பிட்டிப் பாலத்திலும் இதே கதை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வாகனங்கள் நிற்கும், ஆட்கள் வீதியைக் கடப்பார்கள். நிற்காமல் போகிறவரும் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். இரவில் கட்டாக்காலி மாடுகள் சூடான தாரில் படுத்துக் கிடக்கும். கறுத்த மாட்டைக் காட்டப் பலகையால் முடியாது, அங்கே உங்கள் ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே எல்லை.

கிலோமீற்றர்க் கட்டையையும் வாசித்துப் பழகுங்கள். ஏ9 இல் எண்ணிக்கை கண்டியிலிருந்து தொடங்கி யாழ்ப்பாணத்தில் 321 அளவில் முடிகிறது. வழியில் ஏதும் நடந்து 1990 அம்புலன்சையோ 119 பொலிஸையோ கூப்பிட நேர்ந்தால், ஒரு பெரிய ஆலமரத்துக்குக் கிட்ட என்பதைவிடக் கட்டையின் எண் ஆயிரம் மடங்கு உதவும்.

பலகையில் இல்லாத இரண்டு சமிக்ஞைகளும் உண்டு. எதிரே வருபவர் ஹெட்லைட்டை விட்டுவிட்டு எரித்தால், லண்டனில்போல நீ போ என்று நினைக்காதீர்கள். நான் வருகிறேன், நீ நில் என்பதே பெரும்பாலும் பொருள், சிலவேளை முன்னால் பொலிஸ் என்றும் இருக்கும். முன்னால் போகும் லொறி இடப்பக்க சிக்னல் போட்டால் என்னை முந்து என்றும் இருக்கலாம், இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்றும் இருக்கலாம். நடுவில் தொடர்கோடு கீறியிருந்தால் அவர் எதைச் சொன்னாலும் முந்தக்கூடாது. கோட்டைக் கீறியவர் அந்த வளைவுக்கு அப்பால் பார்க்க முடியாது என்று அளந்துதான் கீறியிருக்கிறார்.

படி 6: ரயில் கடவை

மற்ற எல்லாச் சமிக்ஞையிலும் பிழை விட்டால் தப்பிக்க ஓரளவு இடமுண்டு, இங்கே இல்லை. 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே தண்டவாளம் இல்லாத ஊரில் ஓட்டிப் பழகியது. ரயில் பாதை இருந்த இடம் குறுக்கு வழியாகவும் நடைபாதையாகவும் ஆகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம் கால்களை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடவைகள் மூன்று வகை. கதவு போடுபவை, மணியும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ளவை, பெருக்கல் குறி வடிவப் பலகை மட்டும் நிற்பவை. இவற்றை வாசிக்கும் விதம் ஒன்றல்ல. கதவு மூடினால் நிற்பது எல்லோருக்கும் தெரியும். மணி விளக்குக் கடவையில் சிவப்பு மாறி மாறி எரிந்தால் ரயில் தெரிகிறதோ இல்லையோ நிற்கவேண்டும். ஆனால் விளக்கு எரியவில்லை என்பதை ரயில் வரவில்லை என்று வாசிக்காதீர்கள். மணி பழுதாகியிருக்கலாம். வெறும் பலகை மட்டும் உள்ள இடத்தில் சமிக்ஞை தருவது உங்கள் கண்ணும் காதும்தான்.

செய்முறை இது. கடவைக்கு முன் முற்றாக நில்லுங்கள். பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், ஹெல்மெட் போட்டவர் எஞ்சினைத் தணித்துக் காதைக் கொடுங்கள். வலம், இடம், மீண்டும் வலம் பாருங்கள். மதிலோ பனங்கூடலோ மறைத்தால் மறைவு முடியும்வரை ஊர்ந்து வந்து மறுபடி பாருங்கள். அப்பால் வாகன வரிசை நின்றால் தண்டவாளத்தில் ஏறவே வேண்டாம், உங்கள் வாகனத்தின் முழு நீளத்துக்கும் மறுபக்கம் இடம் இருக்கவேண்டும். ஏறினால் முதல் கியரிலேயே கடந்து முடியுங்கள், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றினால் எஞ்சின் நின்றுவிடக் கூடும்.

கே.கே.எஸ். வீதிப் பக்கத்தில் இன்னொரு சிக்கல். ரயில் பாதை வீதிக்குச் சமாந்தரமாகக் கிட்டவே ஓடுவதால், பல இடங்களில் ஒழுங்கைக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரத்திலேயே கடவை வந்துவிடும். திரும்பும் வேகத்தோடே அதற்குள் போய்விடுவோம். வீதியில் திரும்புமுன்பே கடவை மனதில் இருக்கவேண்டும்.

ரயில் தூரத்தில் மெதுவாக வருவதுபோலத் தெரியும். பெரிய பொருள் நேரே நம்மை நோக்கி வரும்போது அதன் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. சாரதி உங்களைக் கண்டு பிறேக் போட்டாலும் ரயில் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். வாகனம் இறுகிவிட்டால் சாமானைப் பார்க்காமல் எல்லோரும் இறங்குங்கள். தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாகச் சரிந்து ஓடுங்கள். மோதிய வாகனம் ரயில் போகும் திசையிலேயே எறியப்படும், அந்தப் பக்கம் ஓடியவர்மீது அது வந்து விழும்.

படி 7: உங்கள் வேகத்தைக் காட்டும் மின்பலகை

வெளிநாடுகளில் பாடசாலைகளுக்கு முன்னால் அடிக்கடி காண்பது இது. றேடார் அலை உங்கள் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது, அந்த மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணித்துப் பெரிய எண்ணாகப் போடும். தண்டம் இல்லை, படம் பிடிப்பதும் இல்லை. பெரும்பாலானோர் எண்ணைக் கண்டதும் காலை எடுத்துவிடுவார்கள். எங்கள் பாடசாலை வாசல்களுக்கு, வாகனத்தின் அடிவயிற்றை உரசும் வேகத்தடைகளைவிட இதுவே நல்லது என்பது என் எண்ணம்.

எங்காவது கண்டால் வேகமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் தயாரிக்கப்படுகிறது, அது 54 காட்ட மின்பலகை 50 போட்டால் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மறுவளமாக வந்தால் டயரின் அளவையும் வேகமானியையும் பார்க்கவேண்டும். கேபிள் அறுந்து ஊசி பூச்சியத்தில் படுத்திருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்கள் ஊரில் ஏராளம். அப்படி ஓடுபவருக்கு எந்த வேகப் பலகையும் வெறும் தகரம்தான். கேபிள் மாற்றுவது பெரிய செலவில்லை, இந்தக் கிழமையே மாற்றிவிடுங்கள்.

படி 8: பலகை மறைந்தால், இல்லாவிட்டால்

வேப்பங்கொப்பு மறைத்த பலகை, ரியூசன் விளம்பரம் ஒட்டிய பலகை, கண்ணீர் அஞ்சலி ஒட்டிய பலகை: மூன்றும் யாழ்ப்பாணத்தில் தாராளம். வளைவுப் பலகையின் மேல் கண்ணீர் அஞ்சலி ஒட்டுபவர் என்ன நினைத்து ஒட்டுகிறாரோ.

யாரிடம் சொல்வது என்பது வீதியின் வகையைப் பொறுத்தது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மற்ற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. எந்த வகை என்று தெரியாவிட்டால் பிரதேச சபையில் கேட்டால் சொல்வார்கள். ரயில் கடவையின் மணியோ விளக்கோ வேலை செய்யாவிட்டால் கிட்டிய ரயில் நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள், அது காத்திருக்கக்கூடிய விடயம் இல்லை.

கடிதத்தில் வீதியின் பெயர், கிட்டிய கிலோமீற்றர்க் கட்டை அல்லது கோயில், எந்தத் திசையில் வருபவருக்குப் பலகை தெரியவில்லை என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். சாரதியின் இருக்கையில் இருந்து எடுத்த படம் ஒன்றையும் வையுங்கள். வீதியோரத்தில் நின்று எடுத்த படத்தில் பலகை நன்றாகத் தெரியும், பிறகு அங்கே ஒரு குறையும் இல்லை என்றே பதில் வரும்.